‘வெடிபொருட்களுடன் ஒருவர் கைது’: பயங்கரவாதச் செய்தியை வன்னியிலிருந்து வாசிப்பது எப்படி

காலையில் பத்திரிகைக் கட்டு அவிழ்க்கப்படும் கிளிநொச்சிக் கடைகளில் நான் பலமுறை கவனித்த ஒன்று உண்டு. விலைவாசியையும் அரசியல் அறிக்கையையும் தலைப்போடு விட்டுவிடுகிற வாசகர்கூட, ‘வெடிபொருட்களுடன் முன்னாள் புலி உறுப்பினர் கைது’ என்று ஒரு செய்தி இருந்தால் அதைக் கடைசி வரி வரை வாசிப்பார். அவருடைய கண் முதலில் ஊரின் பெயரைத் தேடும்; அடுத்து வயதைத் தேடும். இரண்டும் தமக்குத் தெரிந்த எவரோடும் பொருந்தவில்லை என்று கண்ட பிறகே அவருக்கு மூச்சு வரும். அந்த ஆறுதலோடு அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிடுகிறார். ஆனால் பெயர் தெரியாத யாரோ ஒருவர் குற்றவாளி என்ற எண்ணம் மட்டும் அவரிடம் தங்கிவிடுகிறது. இப்படி ஆயிரம் பேரிடம் தங்குவதைத்தான் நாம் பிறகு பொதுமக்களின் அபிப்பிராயம் என்று அழைக்கிறோம்.

நான் சில ஆண்டுகள் ஒரு நாளிதழுக்குக் கிளிநொச்சியிலிருந்து பிராந்தியச் செய்தியாளராக எழுதியவன். இப்பொழுது எங்கள் ஊர் வாசிகசாலையில் மாதத்திற்கு ஒருமுறை உயர்தர மாணவர்களோடும் சில பெரியவர்களோடும் இருந்து செய்திகளை வாசிக்கிறோம். அங்கு நாங்கள் கைக்கொள்ளும் முறையை இங்கே எழுதுகிறேன். முப்பது ஆண்டுகள் பயங்கரவாதம் என்ற சொல்லால் அழைக்கப்பட்ட மண் இது என்பதால், மற்ற எவரையும்விட நாம் இத்தகைய செய்தியைப் பொறுப்போடு வாசிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று நம்புகிறேன்.

செய்தி வரும் வழி

நாம் வாசிக்கும் நாளிதழ்களில் பெரும்பாலானவை யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ அச்சாகி வருகின்றன. ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ ஒரு சம்பவம் நடந்தால், அதை எழுதுகிறவர் பெரும்பாலும் மாவட்டத்துக்கு ஒருவர் இருவராக உள்ள செய்தியாளர். அவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அச்சாகும் செய்திக்கும் படத்திற்கும் கணக்குப் பார்த்துப் பணம் தரப்படுகிறது. ஆகவே ஒரு நாளில் நான்கு செய்தியாவது அனுப்பவேண்டிய நெருக்கடி அவருக்கு உண்டு. சம்பவ இடத்திற்கு மோட்டார் சைக்கிளில் போய் வர எரிபொருள் செலவு அவருடையது. பொலிஸ் தரப்பிலிருந்தோ படைத் தரப்பிலிருந்தோ தகவலும் படமும் கைத்தொலைபேசிக்கே வந்துவிடும்போது, அதையே சிறிது திருத்தி அனுப்புவது எளிது. அந்தச் செய்தியாளரை நான் குறை கூறவில்லை. நானும் அப்படி அனுப்பியிருக்கிறேன்.

அதன்பின் தலைப்பை எழுதுகிறவர் வேறொருவர். அவர் நூறு மைலுக்கு அப்பால், இரவு பத்து மணிக்கு, பக்கத்தை நிரப்பும் அவசரத்தில் இருப்பவர். எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். புதுக்குடியிருப்புப் பக்கத்தில் காணி துப்புரவு செய்த ஒருவர், மண்வெட்டியில் ஏதோ தட்டுப்பட்டதும் வேலையை நிறுத்திவிட்டுக் கிராம அலுவலரிடம் தாமே போய்ச் சொன்னார். உரப்பையில் சுற்றிய பழைய மோட்டார் குண்டுகள் அவை. ‘காணி உரிமையாளரின் தகவலையடுத்துப் பழைய குண்டுகள் அகற்றப்பட்டன’ என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் வந்த தலைப்பு ‘காணியில் மறைத்து வைக்கப்பட்ட வெடிபொருட்கள் மீட்பு’ என்றிருந்தது. அருகில், அவர் தம் வேலியோரம் நிற்கும் படம். அந்தப் படத்தை எடுத்தவன் நான். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குச் சிவில் உடையில் சிலர் இரண்டு தடவை வந்து போனார்கள். அவர் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார்: ‘தம்பி, மறைச்சு வச்சது ஆர்?’ அந்தக் கேள்விக்கு எந்தப் பதிலும் என்னிடம் இருக்கவில்லை. ‘மறைத்து வைக்கப்பட்ட’ என்ற இரண்டு சொற்களும் என் கையெழுத்தில் இல்லை என்பதை அவருக்கு விளக்கி என்ன பயன்?

ஆகவே முதல் வேலை, தலைப்பைக் கையால் மறைத்துவிட்டுச் செய்தியை வாசிப்பது. வாசித்து முடித்ததும் நீங்களே ஒரு தலைப்பை எழுதிப் பாருங்கள். உங்கள் தலைப்பும் அச்சான தலைப்பும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றனவோ, அவ்வளவுக்கு அந்தச் செய்தியில் யாரோ ஒருவருடைய எதிர்பார்ப்பு கலந்திருக்கிறது.

ஒரு மாதிரிச் செய்தியைப் பிரித்துப் பார்த்தல்

வாசிகசாலையில் நாங்கள் பயிற்சிக்கென எழுதிக்கொண்ட செய்தி ஒன்று இது. எந்தப் பத்திரிகையிலும் வந்ததன்று. ஆனால் இதன் ஒவ்வொரு சொற்றொடரையும் நீங்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள்.

“புலனாய்வுப் பிரிவினருக்குக் கிடைத்த இரகசியத் தகவலையடுத்து மேற்கொள்ளப்பட்ட தேடுதலின்போது, பெருமளவு வெடிபொருட்களுடன் முன்னாள் புலி உறுப்பினர் ஒருவர் கைது செய்யப்பட்டுள்ளார். இவர் பாரிய நாசகாரச் செயலொன்றுக்குத் திட்டமிட்டிருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படுகிறது. சம்பவம் தொடர்பான மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் முன்னெடுத்து வருகின்றனர்.”

ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து, இதில் யார் எதைச் சொன்னார்கள் என்பதற்குக் கோடிடுங்கள். மூன்று வாக்கியங்களிலும் பெயரோ பதவியோ கொண்ட ஒருவர்கூட இல்லை. ‘இரகசியத் தகவல்’ யாருடையது என்று கேட்க முடியாது. ‘சந்தேகிக்கப்படுகிறது’ என்ற வினைக்கு எழுவாயே இல்லை. சந்தேகிக்கிறவர் யார் என்று கேட்டால் வாக்கியம் மௌனமாகிவிடும். தமிழில் செயப்பாட்டு வினை இருப்பது நல்லதுதான். ஆனால் சட்டத்தோடும் சிறையோடும் சம்பந்தப்பட்ட செய்தியில் அது பெரும்பாலும் பேசுகிறவரை மறைக்கும் திரையாகவே பயன்படுகிறது.

அடுத்து ‘பெருமளவு வெடிபொருட்கள்’. இரண்டு கிலோ, மூன்று எறிகணைகள் என்று அளவும் வகையும் இல்லாத இடத்தில் ‘பெருமளவு’ என்பது உணர்ச்சிச் சொல் மட்டுமே. 2009 மே வரை இறுதிப்போர் நடந்த நிலத்தில் நாம் குடியிருக்கிறோம். மிதிவெடி அகற்றுவோர் இன்னமும் இங்கு வேலை செய்கிறார்கள். கிணறு வெட்டும்போதும் வயல் உழும்போதும் குண்டுகள் வெளிவருகின்றன. பழைய இரும்பு பொறுக்கி விற்றுச் சீவிப்பவர்கள் இருக்கிறார்கள். புலிகளின் தங்கம் புதைந்திருப்பதாக நம்பி இரவில் தோண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சட்டவிரோதமாக மீன்பிடிக்கவும் காட்டு மிருகங்களைக் கொல்லவும் வெடி வைப்பவர்களும் இருக்கிறார்கள். இவற்றில் சில குற்றங்கள்தாம். ஆயினும் அவை பயங்கரவாதம் அல்ல. கொழும்பிலிருந்து வாசிப்பவருக்கு இந்த நிலத்தைத் தெரியாது. ‘முல்லைத்தீவு’, ‘வெடிபொருள்’ என்ற இரண்டு சொற்களும் சேர்ந்ததும் அவர் மனதில் பழைய போர் திரும்பிவிடுகிறது. உள்ளூர் வாசகரான நீங்கள் செய்தியில் இல்லாத அந்த நிலத்தைச் சேர்த்து வாசிக்க வேண்டும்.

மூன்றாவதாக ‘முன்னாள் புலி உறுப்பினர்’. கைதான ஒருவர் இன்று மேசன் வேலை செய்பவராக, மூன்று பிள்ளைகளின் தகப்பனாக, கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினராக இருக்கக்கூடும். போர் முடிந்த பின் புனர்வாழ்வு பெற்று விடுவிக்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் ஒருவர் வீதி விபத்தில் சிக்கினாலும் அந்த அடைமொழி செய்திக்குள் வந்துவிடுவதைக் காண்கிறோம். அந்த அடைமொழியை நீக்கிவிட்டு வாசித்தால் செய்தியில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். எதுவும் மிச்சமில்லை என்றால், அந்த அடைமொழியே செய்தியாக விற்கப்பட்டிருக்கிறது.

சொற்களின் எடை

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், தன் பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற சொற்களைக் கொண்டது. 1982இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. பல குற்றங்களைப் பட்டியலிடும் அந்தச் சட்டம், பயங்கரவாதம் என்றால் என்ன என்று எங்கும் வரையறுக்கவில்லை. ஐக்கிய நாடுகள் சபையிலும் எல்லா நாடுகளும் ஏற்ற ஒரே வரைவிலக்கணம் இன்றுவரை கிடையாது. சட்டமும் உலகமும் தீர்க்காத ஒரு சொல்லை, இரவு பத்து மணிக்குத் தலைப்பு எழுதுகிறவர் ஒரு நொடியில் தீர்த்துவிடுகிறார். இதனாலேயே சில சர்வதேசச் செய்தி நிறுவனங்கள், அந்தச் சொல்லைத் தம் கூற்றாகப் பயன்படுத்தாமல், சொன்னவரின் பெயரோடு மட்டும் மேற்கோளாகக் கொடுப்பதை விதியாக வைத்திருக்கின்றன. குண்டு வைத்தவர், துப்பாக்கிதாரி, கடத்தியவர் என்று செய்த செயலைக் கொண்டே ஆளைக் குறிப்பிடுகின்றன. இது நல்ல விதி என்பது என் முடிவு. செயலைச் சொன்னாலே கொடுமை போதிய அளவு விளங்கும்.

நமக்குள் நெடுநாள் பழகிய வேறு சொற்களையும் அதே தராசில் வைக்க வேண்டும். ‘இனந்தெரியாத நபர்கள்’ என்ற தொடர், எல்லோருக்கும் தெரிந்த சிலரைத் தெரியாதவர்களாக்குவதற்குப் பல ஆண்டுகள் உதவியது. இறுதிப்போரை அரசு ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்றது. வன்னியின் தாய்மார் ‘காணாமல் போனோர்’ என்பதை ஏற்க மறுத்து ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று எழுதினார்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய அவர்களுடைய போராட்டத்தின் பதாகைகளில் அந்தச் சொல்லே இருந்தது. அரச அலுவலகத்தின் பெயரிலோ இன்னமும் ‘காணாமற்போன ஆட்கள்’ என்றுதான் உள்ளது. மே 18ஐத் தமிழ்ப் பத்திரிகை நினைவேந்தல் என்று எழுதும். அதே நிகழ்வு தெற்கின் சில ஊடகங்களில் புலிகளை நினைவுகூர்தல் என்றாகிவிடும். இந்தச் சொற்களை எவரும் தற்செயலாகத் தேர்ந்தெடுப்பதில்லை.

ஆனால் இங்கேயே நிறுத்திக்கொண்டால் நாம் பாதி உண்மையையே சொன்னவர்களாவோம். ‘துரோகி’ என்ற சொல்லை நம்முடைய ஊடகங்களும் அச்சிட்டன. அந்தச் சொல் அச்சான பின் சுடப்பட்டவர்களுக்காகக் கேள்வி கேட்க அன்று இங்கே பத்திரிகை இருக்கவில்லை. கிளிநொச்சியிலிருந்து ஒலித்த வானொலியில் வீட்டிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய செய்தி வந்ததில்லை. கொழும்பின் சொற்களை மட்டும் சந்தேகிப்பதற்கு இந்த வழிகாட்டி எழுதப்படவில்லை.

முதல் நாளின் எண்ணும் முதல் நாளின் பெயரும்

பெரிய தாக்குதலின் முதல் இரண்டு நாட்களில் வரும் எண்ணையும் பெயரையும் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள் என்று மாணவர்களிடம் சொல்வதுண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் தேவாலயங்களிலும் கொழும்பின் ஆடம்பர விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. இறந்தவர்கள் 359 பேர் என்று அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 25 அன்று சுகாதார அமைச்சு அதை 253 ஆகத் திருத்தியது. சிதைந்த உடல்களை எண்ணுவதில் நேர்ந்த பிழை அது. அதில் யாருடைய தீய எண்ணமும் இல்லை. அதே நாளில் பொலிஸார் வெளியிட்ட சந்தேகநபர்களின் படங்களில், அமெரிக்காவில் வாழும் ஒரு மாணவியின் படமும் தவறாகச் சேர்ந்துவிட்டது. பிழை ஒப்புக்கொள்ளப்பட்டு மன்னிப்பும் கேட்கப்பட்டது. ஆனால் அதற்குள் அந்தப் படம் எத்தனை கைத்தொலைபேசிகளுக்குப் போயிருக்கும்? மன்னிப்பு எத்தனை கைத்தொலைபேசிகளுக்குப் போயிருக்கும்?

நம் நெஞ்சில் இன்னும் ஆழமாகப் பதிய வேண்டியது வவுணதீவுச் சம்பவம். 2018 நவம்பர் 30 அன்று, மாவீரர் நாள் முடிந்த மூன்றாம் நாள், மட்டக்களப்பு வவுணதீவில் சோதனைச் சாவடியில் கடமையிலிருந்த இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டனர். சந்தேகம் உடனே முன்னாள் போராளிகள் மீது திரும்பியது. ஒருவர் கைதாகித் தடுத்து வைக்கப்பட்டார். நாட்காட்டியில் அந்தத் திகதி மாவீரர் நாளுக்கு அருகில் இருந்ததே பலருக்குச் சான்றாகப் போதுமானதாக இருந்தது. ஐந்து மாதங்களுக்குப் பிறகு, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் பற்றிய விசாரணையில்தான் அக்கொலைகளைச் செய்தது அதே தாக்குதலை நடத்திய சஹ்ரானின் குழு என்று வெளிவந்தது. தடுத்து வைக்கப்பட்டவர் 2019 மே மாதத்தில் விடுவிக்கப்பட்டார். முதல் நாளிலேயே தயாராக இருந்த விடையை அனைவரும் எடுத்துக்கொண்டதால், உண்மையான கொலையாளிகள் ஐந்து மாதங்கள் தேடப்படாமல் இருந்தனர். தவறான செய்தி ஒரு அப்பாவியை மட்டும் வருத்துவதில்லை. அது நாட்டின் பாதுகாப்பையும் கெடுக்கிறது. பாதுகாப்புக்காகத்தானே கேள்வி கேட்காதே என்கிறார்கள் என்று வாதிடுவோரிடம் நான் இந்தச் சம்பவத்தையே காட்டுவேன்.

நாம் மற்றவர்களைப் பற்றி வாசிக்கும்போது

வாசிகசாலையில் அதிக நேரம் எடுத்துக்கொள்வதும், சிலர் முகம் சுளித்து எழுந்து போவதும் இந்தப் பகுதியில்தான்.

2019 மே மாதத்தில் நீர்கொழும்பிலிருந்து வெளியேற நேர்ந்த வெளிநாட்டு அகதிகளில் ஒரு பகுதியினர் வவுனியா பூந்தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டனர். போருக்குப் பின் முன்னாள் போராளிகளுக்கான புனர்வாழ்வு நிலையம் இருந்த அதே இடம் அது. வந்தவர்கள் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் தம் மத நம்பிக்கைக்காகத் துன்புறுத்தப்பட்டுத் தப்பி வந்தவர்கள். அஹ்மதியாக்களும் அவர்களுள் இருந்தனர். ஆனால் பேச்சிலும் பகிர்விலும் அவர்கள் ‘பாகிஸ்தானியர்’ என்ற ஒரு சொல்லாகச் சுருங்கினார்கள். அந்தச் சொல்லுக்குள் குண்டுதாரியும் குழந்தையும் ஒன்றாகிவிட்டார்கள். அவர்களை இங்கே வைக்கக்கூடாது என்று எதிர்ப்புத் தெரிவித்தவர்களில், போரின் முடிவில் இடம்பெயர்ந்தோர் அடைக்கப்பட்ட மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் இருந்து வந்தவர்களும் உண்டு. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அச்சத்தை ஊட்டும் செய்தி தினமும் மூன்று வாரம் வந்தால் எந்த மனிதருக்கும் அது நேரும். நமக்கும் நேர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ளாதவர், தெற்கில் உள்ள ஒரு வாசகர் நம்மைப் பற்றி முப்பது ஆண்டுகள் எப்படி நம்பினார் என்பதை விளங்கிக்கொள்ளவே முடியாது.

அந்த மே மாதத்திலேயே குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஒரு சிங்கள நாளிதழின் முதற்பக்கம், ஒரு வைத்தியர் நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று எழுதியது. குருநாகல் வைத்தியசாலையின் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் கைதானார்; குற்றச்சாட்டுக்குச் சான்று கிடைக்கவில்லை; பிற்பாடு அவர் நிலுவைச் சம்பளத்தோடு மீண்டும் பணிக்குச் சேர்க்கப்பட்டார். அந்த நாலாயிரம் என்ற எண்ணை இங்கேயும் தமிழில் பகிர்ந்தவர்களை நான் அறிவேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்ட வரலாற்றை வைத்துக்கொண்டு, நாம் அந்த எண்ணைக் கைமாற்றியிருக்கக் கூடாது.

இதற்கு நாங்கள் கைக்கொள்ளும் சோதனை எளியது. செய்தியில் உள்ள சமூகத்தின் பெயரை அழித்துவிட்டு அந்த இடத்தில் உங்கள் சமூகத்தின் பெயரை எழுதி, உரத்து வாசியுங்கள். ‘முஸ்லிம் வர்த்தகர் வீட்டில் வாள் மீட்பு’ என்பதைத் ‘தமிழ் வர்த்தகர் வீட்டில் கத்தி மீட்பு’ என்று வாசித்துப் பாருங்கள். உங்களுக்கு உடனே சந்தேகங்கள் தோன்றும்: என்ன கத்தி, யார் வைத்தது, ஏன் இனத்தின் பெயர்? அந்தச் சந்தேகங்களை முதல் வாசிப்பிலேயே கேட்டிருக்க வேண்டும்.

மறுபக்கத்துப் பத்திரிகை

2006ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஜூன் 15 அன்று வவுனியாவுக்கு அப்பால் கெப்பித்திகொல்லாவையில் பேருந்து ஒன்று கிளைமோரில் சிக்கி, பிள்ளைகள் உட்பட அறுபதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் இறந்தனர். அரசு புலிகளைக் குற்றஞ்சாட்டியது, புலிகள் மறுத்தனர். ஆகஸ்ட் 14 அன்று முல்லைத்தீவு வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது விமானப்படை குண்டு வீசியது. பயிற்சி முகாம் என்றது அரசு. அங்கு வந்து பார்த்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவினர் இராணுவத் தளத்துக்கான அடையாளத்தைக் காணவில்லை. கொல்லப்பட்டவர்கள் மாணவிகள் என்று யுனிசெப் கூறியது. இரண்டு இடங்களுக்கும் இடையே அதிக தூரம் இல்லை. ஆனால் கெப்பித்திகொல்லாவையின் தாய் வள்ளிபுனத்துப் படங்களைக் காணவில்லை. வள்ளிபுனத்துத் தாய் கெப்பித்திகொல்லாவையின் படங்களைக் காணவில்லை. பயங்கரவாதம் என்ற சொல்லை ஒவ்வொரு பக்கமும் மற்றதற்கே வைத்துக்கொண்டது.

தொண்ணூறுகளில் மின்கல (பற்றரி) தடை இருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலியை இயக்கி இரவுச் செய்தி கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் குரல் இறங்கிவிடும், அடுத்தவர் கைமாற்றிக்கொள்வார். புலிகளின் குரலையும் கேட்டோம். இலங்கை வானொலியையும் கேட்டோம். பிபிசி தமிழோசையையும் கேட்டோம். மூன்றையும் கேட்டுவிட்டு, மூன்றிலும் பொருந்திய பகுதியை மட்டும் நம்பி, எஞ்சியதை நாளைக்கு என்று ஒதுக்கிவைத்த பெரியவர்கள் அப்போது ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருந்தார்கள். இன்று மின்சாரம் இருக்கிறது. தொலைபேசி கையில் இருக்கிறது. ஆனால் நமக்குப் பிடித்ததையே திரும்பத் திரும்பக் கொண்டுவரும் ஒரே யூடியூப் அலைவரிசையோடு பலர் நின்றுவிடுகிறோம். வாரத்தில் ஒரு செய்தியையாவது ஒரு தமிழ்ப் பத்திரிகை, ஒரு சிங்களப் பத்திரிகை, ஒரு ஆங்கிலப் பத்திரிகை மூன்றிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்து அருகில் இருத்தி, தலைப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கச் சொல்லுங்கள்.

ஒரு தரப்புச் செய்தி ஏன் இல்லை என்பதையும் கேட்க வேண்டும். 2008 செப்டெம்பரில் ஐ.நா.வும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டன. சுயாதீனச் செய்தியாளர் எவரும் போர்முனைக்கு அனுமதிக்கப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 அன்று தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். எழுதியவற்றுக்காகப் பத்திரிகையாளர் ஜே. எஸ். திசைநாயகத்துக்குப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2009இல் இருபது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மன்னிப்பு வழங்கப்பட்டது. இவற்றைக் கண்ட செய்தியாளர் இன்று ‘மேலதிக விசாரணைகள் முன்னெடுக்கப்படுகின்றன’ என்பதோடு நிறுத்திக்கொண்டால், அதற்குள் அவருடைய பிள்ளைகளின் முகமும் இருக்கிறது.

பகிர்வதற்கு முன்னும் பிழை கண்ட பின்னும்

சிதைந்த உடலின் படத்தையும் தாக்கியவர் விட்டுச்சென்ற காணொளியையும் பகிர வேண்டாம். தாக்கியவர் வேண்டியதே அந்தப் பரவல்தான். 2019 மார்ச் 15இல் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டபோது, கொலையாளியின் பெயரைத் தாம் ஒருபோதும் உச்சரிக்கப்போவதில்லை என்று நியூசிலாந்துப் பிரதமர் ஜசிந்தா ஆர்டன் அறிவித்தார். தேடுதல் நடக்கும் இடத்திலிருந்து நேரலை செய்வதும் ஆபத்தானது. 2008 மும்பைத் தாக்குதலின்போது தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டிய கமாண்டோ நகர்வுகளை இந்திய உச்ச நீதிமன்றம் 2012இல் கடுமையாகக் கண்டித்தது. வட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவில் பேசுகிறவர் தம் பெயரையும் ஊரையும் திகதியையும் சொல்லவில்லையானால், அதை அடுத்தவருக்கு அனுப்பும் கடமை உங்களுக்கு இல்லை.

அச்சில் பிழை கண்டால் ஆசிரியருக்கு எழுதுங்கள். கோபத்தை முதல் வரியில் வைக்காமல், பத்திரிகையின் திகதி, பக்கம், பிழையான வாக்கியம், சரியான தகவல், அதற்கான சான்று என்ற ஒழுங்கில் அரைப்பக்கம் போதும். பதில் கிடைக்காவிட்டால் இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கு எழுதலாம். திருத்தத்தையும் பதில் கூறும் உரிமையையும் கேட்பதற்கு அது ஒரு வழி. எத்தனை பேர் கைதானார்கள், எத்தனை பேர்மீது வழக்குத் தாக்கல் செய்யப்பட்டது என்ற எண்களை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் கேட்கலாம். தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தம் முடிவைச் சொல்ல வேண்டும். பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்கப்படலாம். அந்த மறுப்புக் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள்.

உங்கள் ஊரில் ஒருவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானால், குடும்பத்தினர் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்திற்கு உடனே அறிவிக்க வேண்டும்; கைது செய்தவர்களும் 48 மணித்தியாலத்திற்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். குடும்பத்தின் பக்கத்தைச் செய்தியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். வந்தவர்கள் எத்தனை மணிக்கு வந்தார்கள், எந்த வாகனம், எந்தப் பிரிவு என்று சொன்னார்கள், எதை எடுத்துச் சென்றார்கள் என்பவை போதும். செய்தியாளர் கேட்டு வராதது பல நேரங்களில் பயத்தினால்தான். எழுதிக் கொடுத்தால் அவருக்கும் கையில் ஒரு சான்று இருக்கும்.

கொப்பி

எங்கள் வாசிகசாலையில் நூற்றிருபது பக்கக் கொப்பி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு நிரல்கள்: செய்தி வந்த திகதியும் பக்கமும், சொல்லப்பட்டது, சொன்னவர், பின்னர் நடந்தது. நான்காவது நிரலை வெறுமையாக விட்டுவைக்கிறோம். கைது முதற்பக்கத்தில் வரும். விடுதலை வருவதானால் ஆண்டுகள் கழித்து, உட்பக்கத்தில், இரண்டு அங்குலத்தில் வரும். தருமபுரத்தில் காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடிக்கொண்டிருந்த தாய் ஒருவர் 2014 மார்ச்சில் கைதானது நாடெங்கும் செய்தி. ஏறக்குறைய ஓராண்டு கழித்து அவருக்குப் பிணை கிடைத்ததை எத்தனை பேர் அறிவார்கள்? உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கான எங்கள் பக்கத்தில், நான்காவது நிரலில் 2023 ஜனவரி 12 என்ற திகதி இருக்கிறது. முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கைகளுக்குப் பிறகும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள் அது.

மாதத்தின் கடைசி ஞாயிறு, வெறுமையாக உள்ள நிரல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்த வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது, அடுத்த தவணை எப்போது என்று ஒரு மாணவி சட்டத்தரணியிடம் கேட்டு வருவாள். மண்வெட்டியில் குண்டு தட்டுப்பட்ட அந்தப் பெரியவரின் பக்கமும் கொப்பியில் இருக்கிறது. வழக்கு எதுவும் தொடரப்படவில்லை, திருத்தம் எதுவும் அச்சாகவில்லை என்று என் கையெழுத்திலேயே எழுதி, கீழே திகதியிட்டிருக்கிறேன்.